மரத்துக்கு ஒரு வாக்கியம்

எனக்குப் பிடித்த செபம் எது என்று கேட்பவர்கள், மாதா செபத்தைச் சொல்லுவேன் என்றுதான் எதிர்பார்க்கிறார்கள். நான் விசுவாச மந்திரத்தைச் சொல்லுவேன். எனக்கு மாப்பிள்ளையைப் பிடித்துக் கொடுத்தது அதுதானே.

பாலோ ஊருக்குப் பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில் நாங்கள் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தோம். எல்லாக் காரியத்துக்கும் எங்களிடம் ஒரு செபம் உண்டு. உலையில் அரிசி போட்டு, செபமாலையில் முப்பது மணி உருட்டினால் சோறு பதமாகிவிடும். கத்தி தொலைந்தால் அந்தோனியார். புலி நடமாட்டம் என்றால் காவல் சம்மனசு. வீட்டில் சண்டை வந்தால் அம்மா மாதா பிரார்த்தனையை ஆரம்பித்துவிடுவாள்; அது முடிவதற்குள் சண்டை எதற்கென்று எல்லோருக்கும் மறந்துபோகும்.

எனக்கு அடுத்த நிரையில் மரம் வெட்டியவரை எனக்குப் பிடித்துப்போனது. ஞானஸ்நானம் பெற்றவர்தான். ஆனால் தாய் தகப்பன் இல்லாமல் வளர்ந்ததால் சிலுவை போடுவதைத் தவிர வேறொன்றும் தெரியாது. சாமியார் எங்கள் தோட்டத்துக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் வருவார். கல்யாணத்துக்கு முந்தின நாள் பெண்ணும் மாப்பிள்ளையும் அவர் முன்னால் மந்திரங்களை ஒப்பிக்க வேண்டும். ஒப்பிக்காவிட்டால் தாலி இல்லை.

“அடுத்த தடவை சாமியார் வர்றப்போ அவன் ஒப்பிக்கலன்னா, தெப்ராவ்லேர்ந்து பொண்ணு கேட்டு வந்த மாப்பிள்ளைக்குச் சொல்லி அனுப்பிடுவேன்” என்றார் அப்பா. அவர் வாய்ப்பேச்சுக்குச் சொல்லுகிறவர் அல்ல.

கல்யாணத்துக்கு முன் உட்கார்ந்து பேச எங்களை யார் விடுவார்கள்? அதனால் விசுவாச மந்திரம், மாதாவின் அருள் மந்திரம் என்று ஒவ்வொன்றாக வேலையிலேயே பாடம் நடத்தினேன். என் மரத்தில் கத்தி வைக்கும்போது ஒரு வாக்கியத்தை உரக்கச் சொல்லுவேன். அவர் தன் மரத்தில் கத்தி வைத்துக்கொண்டே அதைத் திருப்பிச் சொல்லுவார். அடுத்த மரம், அடுத்த வாக்கியம். பேசினால் கங்காணி அதட்டுவார். செபம் சொன்னால் என்ன செய்வார்? அவர் முருக பக்தர். சாமி காரியம் என்று தலையை ஆட்டிக்கொண்டு போய்விடுவார். நடுவில் அதே ராகத்தில், “பசியாறியாச்சா?” என்று அடுத்த நிரையிலிருந்து இவர் கேட்பார். நானும் ராகம் மாறாமல் “ஆமென்” என்பேன். அந்த மூன்று மாதத்தில் நான் செபித்தது போல் என் ஆயுசில் செபித்ததில்லை.

சாமியார் வந்தார். வெள்ளைக்காரர், எங்களைவிடச் சுத்தமாகத் தமிழ் பேசுவார். கோவில் கொட்டகையில் அப்பா, கங்காணி, லயத்து வீடுகளில் குடியிருந்த ஜனம் எல்லோரும் கூடி நின்றார்கள். இவர் கையைக் கட்டிக்கொண்டு விசுவாச மந்திரத்தை ஆரம்பித்தார். தங்குதடையில்லாமல் போனது. “மரித்து அடக்கஞ் செய்யப்பட்டார்” என்றவர், அப்படியே நின்றுவிட்டார்.

சாமியார் காத்திருந்தார். “பிறகு?” என்றார். இவர் ஒரு காலை முன்னால் எடுத்து வைத்து, மறுபடி இழுத்துக்கொண்டார்.

“மணவாளன் உயிர்த்தெழுதலை விசுவசிக்கவில்லையோ?”

அப்பா தொண்டையைச் செருமினார். எனக்குச் சட்டென்று விளங்கியது. ‘அடக்கஞ் செய்யப்பட்டார்’ மரத்துக்கு அடுத்து இவர் நிரையில் மரம் இல்லை. காற்றில் விழுந்துவிட்டது. தினமும் அங்கே வாயை மூடிக்கொண்டு கூடுதலாகப் பத்தடி நடந்துதான் அடுத்த மரத்துக்குப் போவார். மரத்தோடு சேர்த்துப் பாடம் பண்ணியவருக்கு நின்ற இடத்தில் எப்படி வரும்?

வெட்கத்தை எல்லாம் மூட்டை கட்டி வைத்துவிட்டு, “நடங்க, அடுத்த மரத்துக்குப் போங்க” என்றேன்.

இவர் சாமியாரைத் தாண்டிப் பீடத்தை நோக்கி விறுவிறுவென்று நடந்தார். நின்றார். “பாதாளத்தில் இறங்கி மூன்றாம் நாள் மரித்தோரிடமிருந்து உயிர்த்தெழுந்தார்” என்று தொடங்கி, நித்திய சீவியம் வரைக்கும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தார்.

விஷயத்தை விசாரித்த சாமியார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “எனக்கே பாடமாயிடுச்சு சாமி” என்றார் கங்காணி. அப்பாவும் சிரித்துவிட்டார். நாளைக்குக் கல்யாணம் என்று தெரிந்ததும் எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

“இனி மணவாட்டி ஒப்பிக்கட்டும். அருள் மந்திரம் மட்டும் போதும்” என்றார் சாமியார்.

பால்குடி மறந்த நாளிலிருந்து சொல்லிவந்த மந்திரம். ஒரு வார்த்தைகூட வரவில்லை. சந்தோஷத்தில் தலைக்குள் எல்லாம் காலியாகிவிட்டது. லயமே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. அப்போது பக்கத்தில், தலையைக் குனிந்தபடி, இவர் எடுத்துக் கொடுத்தார்:

“பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே வாழ்க...”