கதிரையில் இருந்து பார்த்த வீடு

அக்கராயனில் ஓர் அக்காவுக்கு வீடு வரைந்து கொடுத்தேன். போர்க்கால ஷெல்லடியில் முதுகெலும்பு காயப்பட்டதிலிருந்து அவர் சக்கரக் கதிரையில்தான். மடிக்கணினியைக் கொண்டுபோய், கட்டாத அந்த வீட்டுக்குள் நடந்து போவதுபோலத் திரையில் காட்டினேன்.

"தம்பி, இது நிண்டுகொண்டு பாக்கிற ஆளின்ரை கண்ணெல்லே?" என்று கேட்டார்.

"ஓம் அக்கா" என்றேன். மென்பொருள் தானாக வைக்கும் உயரம் அது. நான் அதை ஒருநாளும் மாற்றியதில்லை. நிலத்திலிருந்து அவருடைய கண்வரை அளந்து, அந்த உயரத்தைக் கொடுத்தேன். அடுப்படிக்கு நேரே, குசினி யன்னலால் தெரிந்த வாசல் மறைந்து, வெறும் சுவர் தெரிந்தது. மேலே யன்னலில் கொஞ்சம் வானம்.

மவுஸை வாங்கித் தானே நகர்த்தினார். திரையில் அறை அறையாகப் போய், பின்கதவால் வெளியே வந்து, கிணற்றடியில் நின்றார்.

"ஒருத்தரும் தள்ளாமல் போறன்" என்றார்.

பிறகு, "குசினி யன்னலைக் கீழை பதிச்சு விடுங்கோ. ஆர் வருகினம் எண்டு எனக்குத் தெரியோணும்" என்றார்.

அங்கேயே மாற்றினேன். இப்போது எந்த வீட்டை வரைந்தாலும், கதிரையில் இருப்பவரின் கண் உயரத்திலிருந்தும் ஒருமுறை சுற்றிப் பார்க்கிறேன்.

வீடு எழும்பிப் பால் காய்ச்சிய அன்று, அவர் கதிரையை உருட்டிக்கொண்டு முன்னே போனார். நான் பின்னால் போனேன்.