இருக்கைக்கு அடியில் புகை

மூணாறில் கேரவன் ஓட்டும் பெண் என்று என்னை அடையாளம் சொன்னால் எனக்குப் பெருமையாகத்தான் இருக்கும். எஸ்டேட் ஜீப்பில் கை பழகியவள் நான். பழைய வேன் ஒன்றை வாங்கி, உள்ளே படுக்கை, சின்ன ஃபிரிட்ஜ், கேஸ் அடுப்பு எல்லாம் வைத்துச் சுற்றுலாப் பயணிகளுக்கு ஓட்ட ஆரம்பித்தபோது பலர் சிரித்தார்கள். என் கணவர் மட்டும், "நீ ஓட்டிருவ" என்றார். ஓட்டினேன்.

அந்தத் தடவை வந்தவர்கள் எருத்தேன்பதிப் பக்கத்து விவசாயத் தம்பதி. மகளுக்குக் கல்யாணத்தை முடித்துவிட்டு, முதன்முறையாக இரண்டு பேர் மட்டும் ஊர் சுற்றக் கிளம்பியிருந்தார்கள். வண்டிக்குள்ளேயே அடுப்பு இருப்பதில் அந்த அம்மாவுக்கு அப்படி ஒரு சந்தோஷம். காலையில் தேயிலைச் சரிவு ஓரம் நிறுத்தியிருந்தபோது தானே காபி போட்டு எனக்கும் ஒரு டம்ளர் நீட்டினார்.

"டீத் தோட்டத்துக்கு வந்து காப்பி குடிக்கறமுங்க" என்று அவர் கணவர் கேலி செய்தார்.

சிலிண்டர் வால்வை மூடிவிட்டுக் கிளம்பினேன். வால்வு திறந்திருக்க வண்டியை நகர்த்துவதில்லை என்பது ஆரம்பத்திலிருந்தே என் வழக்கம்.

மறையூர் சாலையின் வளைவுகளில் இறங்கிக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து அந்த அம்மா கேட்டார். "ஏங் கண்ணு, என்னமோ பொசுங்கற வாசம் வருதே?"

"எறக்கமல்லோ, பிரேக்கு காஞ்சிருக்கும்" என்றார் அவர் கணவர்.

பிரேக் சூடேறினால் வரும் வாடை எனக்குத் தெரியும். இது பிளாஸ்டிக் உருகும் வாடை. சாலை அகன்ற இடத்தில் ஓரம் கட்டி, எஞ்சினை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். ஃபிரிட்ஜை ஒட்டிய நீள இருக்கையின் இடுக்கிலிருந்து புகை கசிந்துகொண்டிருந்தது.

"ரெண்டு பேரும் எறங்குங்க. எதையும் எடுக்க வேண்டாம்."

அந்த அம்மா உடனே இறங்கிவிட்டார். அவர் கணவர் பையை எடுக்கத் திரும்பினார். "மருந்தெல்லாம் அதுலதானுங்க இருக்குது."

"ஐயா, மருந்து மூணாறுல வாங்கிக்கிடலாம். எறங்குங்க!"

விருந்தினரிடம் அதுவரை நான் குரல் உயர்த்தியதில்லை. அவர் பையை விட்டுவிட்டு இறங்கினார்.

தீயணைப்பான் கதவோரம் கைக்கு எட்டும்படி இருந்தது. இருக்கையின் மூடியை முழுதாகத் தூக்கினால் காற்றுப் புகுந்து தீ எழும்பும். அதனால் ஒரு கை நுழையும் அளவுக்கு மட்டும் தூக்கி, குழாயை உள்ளே விட்டு அழுத்தினேன். வெள்ளைப் பொடி பறந்தது. இருமிக்கொண்டே வெளியே வந்தேன். அணைந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் புகை.

"தண்ணி ஊத்தட்டுங்களா?" அந்த அம்மா கையில் பாட்டிலோடு நின்றார்.

"வேண்டாம்மா, ஃபிரிட்ஜுக்கு இன்வெர்ட்டர் ஓடுது. கரண்ட மொதல்ல நிறுத்தணும்."

மெயின் சுவிட்ச் உள்ளே, புகைகிற இருக்கையின் பக்கவாட்டில் இருந்தது. அங்கே போக முடியாது. பின்பக்கம் ஓடி, வெளியிலிருந்து திறக்கும் பெட்டிக் கதவைத் திறந்து, ஸ்பேனரால் இன்வெர்ட்டர் பேட்டரியின் வயரைக் கழற்றினேன். அதற்கு அடுத்த அறையில்தான் கேஸ் சிலிண்டர். மீதிப் பொடியையும் அடித்த பிறகு புகை ஓய்ந்தது. அப்புறம்தான் நான் சாலையோரக் கல்லில் உட்கார்ந்தேன். அந்த அம்மா என் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார்.

மெத்தையும் பக்கத்துப் பலகையும் கருகியிருந்தன. மற்றதெல்லாம் தப்பியது. அவ்வழியே வந்த ஜீப்பில் இருவரையும் மூணாறுக்கு அனுப்பி, அறை பிடித்துக் கொடுத்தேன். அவர்கள் கோபித்துக்கொள்ளவில்லை. "அம்மிணி, வண்டி சரியானதும் சொல்லுங்க. பாக்கி ஊரையும் பாக்கோணும்" என்றார் அந்த அம்மா.

எலக்ட்ரீஷியனோடு உட்கார்ந்து பிரித்தபோது காரணம் தெரிந்தது. ஃபிரிட்ஜுக்குப் போகும் வயர் தகரத்தில் போட்ட ஒரு துளை வழியாகப் போனது. துளைக்கு ரப்பர் வளையம் இல்லை. ஒவ்வொரு வளைவிலும் தகர விளிம்பு வயரின் தோலை அறுத்திருக்கிறது. ஃபியூஸாவது எரிந்து கரண்டை நிறுத்தியிருக்க வேண்டும். அடிக்கடி ஃபியூஸ் போகிறது என்று, வண்டியைக் கட்டிக்கொடுத்த பட்டறைக்காரர் எனக்குச் சொல்லாமலே பெரிய ஃபியூஸ் போட்டிருந்தார்.

எல்லா வயரையும் மாற்றினேன். குழாய்க்குள் செலுத்தி, துளைதோறும் ரப்பர் போட்டு, அளவான ஃபியூஸ் வைத்தேன். மெயின் சுவிட்சை வெளிப்பக்கம் கொண்டுவந்தேன். புகை வந்தாலோ கேஸ் கசிந்தாலோ கத்தும் அலாரம், இரண்டாவது தீயணைப்பான் இரண்டும் சேர்ந்தன.

செய்தி கேட்டு மற்ற கேரவன்காரர்கள் பார்க்க வந்தார்கள். அவர்களில் ஒருவர், "எம் வண்டி புதுசுக்கா, அதுல இதெல்லாம் வராது" என்றார்.

"இருக்கட்டும்ணே, சீட்டைத் தூக்குங்க, பாப்போம்."

தூக்கினார். டார்ச் அடித்து வயரைத் தடவிப் பார்த்தேன். தகரம் உரசும் இடத்தில் சிவப்புத் தோல் தேய்ந்து, செம்புக் கம்பி பளபளத்தது. அவர் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு நேரே பேட்டரிப் பக்கம் போனார்.