வெற்றுத் தாளில் கையெழுத்திட மறுத்த அம்மா

அம்மா மறைந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உங்களில் பாதிப் பேர் அம்மாவிடம் திட்டு வாங்கியவர்கள். சிலர் அம்மாவால் காவல் நிலையம் வரை அழைத்துச் செல்லப்பட்டவர்கள். ஆனாலும் எல்லோரும் வந்திருக்கிறீர்கள். மூத்த மகள் என்ற உரிமையில் எழுதுகிறேன். அம்மாவைத் தெய்வமாக்கப் போவதில்லை; அது அம்மாவுக்கே பிடிக்காது.

அம்மா பிறந்தது இலங்கை மலையகத்தில், தேயிலைத் தோட்டத்துக் குடியிருப்பில். பன்னிரண்டு வயதில் பெற்றோருடன் கப்பலேறி, தாயகம் திரும்புவோருக்கான மண்டபம் முகாமுக்கு வந்து, பிறகு ஆரணிக்கு வந்தார். தாத்தாவுக்கு அரிசி ஆலையில் மூட்டை தூக்கும் வேலை. அம்மாவின் பேச்சைக் கேட்டுத் தெருப் பிள்ளைகள் சிரித்தார்களாம். இரண்டே ஆண்டில் அவர்களையே மிஞ்சும்படி ஆரணிப் பேச்சில் 'இன்னா' போடக் கற்றுக்கொண்டார். பட்டு நூல் முறுக்கும் கூலி வேலைக்குப் போன வீட்டில்தான் நெசவாளரான அப்பா அறிமுகம். சிலோன்காரப் பெண் வேண்டாமென்று அப்பாவின் உறவினர்கள் முறுக்கிக்கொண்டார்கள். அப்பா அசையவில்லை. அந்தப் பிடிவாதத்துக்கு இன்றும் நான் நன்றி சொல்கிறேன்.

நகராட்சித் தேர்தலில் எங்கள் வார்டு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டபோது, தெருக்காரர்கள் கூடிப் பேசி அப்பாவைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆம், அப்பாவைத்தான். வேட்புமனுவில் மட்டும் அம்மாவின் பெயர். வென்றது அம்மா, மாலை விழுந்தது அப்பாவுக்கு. ஊர் அப்பாவைத்தான் 'கவுன்சிலரே' என்று கூப்பிட்டது. ஒரு கட்டு லெட்டர் பேடில் முன்கூட்டியே கையெழுத்துப் போட்டு அப்பாவிடம் கொடுத்துவிட்டு, அம்மா தறியில் உட்கார்ந்துவிடுவார். யாருக்கும் அது தப்பாகத் தெரியவில்லை. அப்போது கல்லூரியில் பெண்ணுரிமை பற்றிப் பேச்சுப் போட்டியில் பரிசு வாங்கிய எனக்கும்தான்.

ஒரு நாள் பகலில் அடுத்த தெரு கஸ்தூரி அக்கா வந்து நின்றார். அவர் கணவர் தறியை விட்டுச் செய்யாறு கம்பெனி வேலைக்குப் போய் நெடுநாள் ஆகியிருந்தது; நெய்து குடும்பத்தை நடத்தியது அக்காதான். நெசவாளர் அட்டை கிடைத்தால் கூட்டுறவுச் சங்கத்தில் சேர்ந்து, தன் பேரிலேயே பட்டு நூல் வாங்கி நெய்யலாம் என்று விண்ணப்பித்திருந்தார். மனு தள்ளுபடியாகிவிட்டது. அந்தத் தறியில் நெய்பவர் கணவர்தான் என்று அம்மாவின் கையெழுத்தோடு ஒரு கடிதம் அலுவலகத்தில் இருந்தது. கணவர் வந்து கேட்டிருக்கிறார், அப்பா எழுதிக் கொடுத்துவிட்டார். தறி என்றால் ஆண் பேரில்தான் என்பது அப்பாவின் பழக்கம். கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை.

"நீங்களும் தறியில குந்திகினு நெய்றவங்கதானேக்கா? நான் நெய்யலைன்னு எப்படி எழுதினீங்க?" என்று கேட்டார் அக்கா.

தாத்தா இறந்தபோது, தாயகம் திரும்பியதற்கான காகிதமெல்லாம் அவர் பேரிலேயே இருந்ததால், தம் தாய் ஒவ்வோர் அலுவலகமாக ஏறி இறங்கியதைப் பார்த்து வளர்ந்தவர் அம்மா. இன்னொரு பெண்ணைத் தம் கையெழுத்தே அலைய வைத்திருந்தது.

புதிதாக ஒரு கடிதம் எழுதிவிடலாம், பழையதைப் பற்றி மூச்சு விட வேண்டாம் என்றார் அப்பா. வெளியே தெரிந்தால் பதவியே போய்விடும் என்று பயந்தார். பயம் நியாயமானதுதான். அம்மா கேட்கவில்லை. அதுவரை நகர்மன்றக் கூட்டமென்றால் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு, கொடுத்த டீயைக் குடித்துவிட்டு வருவார். அந்த முறை அப்பா இல்லாமல் தனியாகப் போய், எல்லோர் முன்பும் எழுந்து நின்றார்.

"வெத்துத் தாள்ல கையெழுத்துப் போட்டுக் குடுத்தேன். கையெழுத்து என்னுது, தப்பும் என்னுது. அந்தத் தறியில நெய்றது கஸ்தூரிதான். இதை அப்படியே எழுதிக்குங்க."

கப்பலில் வந்தவர்களுக்கு ஊர் நடப்பு தெரியாது என்று ஓர் உறுப்பினர் கிண்டல் செய்தாராம். "கப்பல்லதாங்க வந்தேன். ஓட்டு இந்த ஊர்லதான் வாங்கினேன்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கிறார் அம்மா.

வீட்டுக்கு வந்ததும் மிச்சமிருந்த தாள்களைக் கிழித்து அடுப்பில் போட்டார். அப்பா பத்து நாள் பேசவில்லை. கஸ்தூரி அக்காவுக்கு அட்டை வரப் பல மாதங்கள் ஆயின. அடுத்த தேர்தலில் அம்மா தோற்றார். சும்மா இருக்கவில்லை. நெசவுப் பெண்களைச் சேர்த்துச் சங்கம் வைத்தார். தேவிகாபுரம் பஸ்ஸைப் பிடித்துப் போய், வயல் வேலை செய்யும் பெண்களுக்குச் சம கூலி கேட்டுச் சண்டை போட்டார். அதற்கடுத்த தேர்தலில் வென்றார். அந்த முறை வீடு வீடாக நோட்டீஸ் கொடுத்தவர் அப்பாதான்.

சிறுநீரகம் பழுதான கடைசி இரண்டு ஆண்டுகளில் படுக்கையிலிருந்தே மனுக்களைப் படித்தார். படிக்காமல் ஒன்றிலும் கையெழுத்திடவில்லை. மருத்துவமனைத் தாள்களைக்கூட வரிவரியாகக் கேட்டு, செவிலியர்களைப் பேஜார் பண்ணினார். பொறுமை காத்த அவர்களுக்கும் மருத்துவர்களுக்கும் எங்கள் நன்றி. மாற்றி மாற்றி உடனிருந்த சங்கப் பெண்களுக்கும், இன்று கூட்டுறவுச் சங்க நிர்வாகக் குழுவில் இருக்கும் கஸ்தூரி அக்காவுக்கும் நன்றி சொல்ல எனக்கு வார்த்தை போதவில்லை.

இம்மலரின் அட்டையில் அச்சகத்தார் பழைய பழக்கத்தில், 'முன்னாள் கவுன்சிலர்' என்று அப்பா பெயருக்கு முன்னால் போட்டு, அவரின் துணைவியார் என்று அம்மாவைக் குறித்திருந்தார்கள். அப்பா அச்சகத்துக்கே போய், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். பேனாவை வாங்கித் தம் பெயருக்கு முன்னால் இருந்ததை அடித்தார்.

"கவுன்சிலரு அவங்கதான். நான் அவங்க வீட்டுக்காரன். அப்படியே போடு" என்றார். திருத்திய தாள் வரும்வரை அச்சகத்திலேயே உட்கார்ந்திருந்து, படித்துப் பார்த்த பிறகுதான் கையெழுத்துப் போட்டார்.