ரயிலுக்கும் பேருந்துக்கும் நடுவே ஓர் ஊர்

என் தங்கை செல்வி வரும் பங்குனியோடு எஸ்டேட் வேலையிலிருந்து ஓய்வு பெறுகிறாள். ஓய்வென்றால் வேலை மட்டும் போவதில்லை, லயத்து வீட்டையும் காலி செய்து கொடுக்க வேண்டும். சூரியநெல்லிக்கு மேலே, தேயிலைக்கு நடுவில் வரிசையாக நிற்கும் வீடுகளில் ஒன்று அது. ஓர் அறையும் ஓர் அடுப்படியும்தான். கல்யாணமான நாளிலிருந்து அவள் வேறெங்கும் குடியிருந்ததில்லை.

அவள் மகன் முருகனுக்குப் பாலக்காட்டுக்குக் கிழக்கே ஒரு தொழிற்சாலையில் வேலை. வேப்பம்பதி ரயில் நிலையத்தை ஒட்டிப் புதிதாக எழுப்பியிருக்கும் டவுனில் வீடு எடுத்திருக்கிறான். ரயில், பேருந்து நிலையம், கடைகள், குடியிருப்பு எல்லாம் நடந்து போகிற தூரத்தில் என்று சொல்லிச் சொல்லி அம்மாவைக் கூப்பிடுகிறான். இவள் ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. "போய்ப் பார்த்துவிட்டுச் சொல்லேன்" என்று மாசி மாதக் கடைசி வியாழக்கிழமை நான் அவளைக் கிளப்பிக்கொண்டு போனேன். இப்படிப்பட்ட புது டவுன்கள் இப்போது பல இடங்களில் வருகின்றன. பெற்றோரை அங்கே குடிவைக்கலாமா என்று யோசிப்பவர்களுக்கு எங்கள் மூன்று நாள் அனுபவம் பயன்படலாம்.

காலை ஆறரைக்குச் சூரியநெல்லியில் ஜீப் ஏறி, மூணாறில் பேருந்து பிடித்தோம். மூணாறிலிருந்து உடுமலைப்பேட்டைக்கு ஏறத்தாழ எண்பத்தைந்து கிலோமீட்டர். மறையூர், சின்னார் வழியாக மூன்றரை மணி நேரம் ஆகும். இடதுபக்கம் ஜன்னலோரம் கிடைத்தால் விடாதீர்கள். எங்களுக்குக் கிடைத்தது, ஆனால் செல்வியின் மூட்டை பாதி ஜன்னலை மறைத்துவிட்டது.

நடத்துநர் மூட்டையைக் காலால் லேசாகத் தள்ளிப் பார்த்தார். "என்னம்மா இது, கேரட்டா?"

"கம்பளி."

"கீழ வெயில் பொளந்து கட்டுது, கம்பளி எதுக்கும்மா?"

"எனக்குக் கம்பளி இல்லாம தூக்கம் வராது. ஒங்களுக்கு என்னய்யா, டிக்கெட்டக் கிழிங்க" என்றாள் செல்வி. பின் இருக்கையில் இரண்டு பேர் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். மலைக்காரர்களான எங்களுக்கு இது பழக்கம். எந்த ஊருக்குப் போனாலும் குளிரையும் கட்டித் தூக்கிக்கொண்டு போவோம்.

சின்னார் சோதனைச் சாவடி தாண்டிக் காற்று சூடேறியபோது அவள் சிரிப்பு அடங்கியது.

"யக்கா, லயத்துல ஒரு நாள் நான் மஸ்டருக்குப் போகலன்னு வையி. கொழுந்து நிறுக்கிறதுக்குள்ள ரெண்டு பேரு வந்து கதவத் தட்டிருவாக. காய்ச்சலா, கோவமா, எல்லாம் கேட்டுட்டுத்தான் போவாக. அங்க மூணாவது மாடியில நான் விழுந்து கெடந்தா யாருக்கா கேப்பா? அவன் ஷிப்டு முடிஞ்சு வந்து பாத்தாத்தான் உண்டு."

மஸ்டர் என்பது காலையில் ஆள் கூடி, பெயர் கொடுத்து, வேலைக்குப் பிரியும் இடம். வீடு, வேலை, ரேஷன் கடை, பிள்ளைக் காப்பகம், கோயில் எல்லாமே அதிலிருந்து நடை தூரத்தில் இருக்கும். யோசித்துப் பார்த்தால், புது டவுன்காரர்கள் படம் போட்டு விளக்குவதை எஸ்டேட் எப்போதோ செய்து வைத்திருக்கிறது. ஆனால் அங்கே வேலை முடிந்தால் வீடும் முடிந்தது.

செல்வி கேட்டதும், ஆசிரியையான எனக்கு என் பள்ளிக்கூட வழக்கம் ஒன்றுதான் ஞாபகம் வந்தது. புது வகுப்புக்குப் போனால், அது நல்ல வகுப்பா என்று நான் மதிப்பெண்ணை வைத்துப் பார்க்க மாட்டேன். வராத பிள்ளையின் பெயரை நான் கூப்பிடும் முன்பே, "டீச்சர், அவளுக்கு அம்மை போட்டிருக்கு" என்று நாலு குரல் எழுந்தால் அது நல்ல வகுப்பு. நான் கூப்பிட்ட பிறகும் எல்லாரும் சும்மா இருந்தால், அங்கே எனக்கு வேலை நிறைய இருக்கிறது என்று அர்த்தம்.

உடுமலையில் சாப்பாடு, பொள்ளாச்சியில் பேருந்து மாற்றம், கோயம்புத்தூரில் மாலை பாசஞ்சர் ரயில். பத்து ரூபாய் டிக்கெட்டில் வேப்பம்பதியில் இறங்கியபோது இன்னும் வெளிச்சம் இருந்தது.

நிலையத்துக்கு வெளியே வந்ததும் செல்வி கேட்டாள்: "ஜீப்பு எங்க நிக்கும்?"

ஜீப் இல்லை, ஓர் ஆட்டோதான் நின்றது. ஓட்டுநர் காலை நீட்டிப் படுத்திருந்தார். நான் குடியிருப்பின் பெயரைச் சொன்னதும் எழுந்து உட்கார்ந்து கையை நீட்டினார். "ஏனுங்கம்மா, அதா அந்த மஞ்சக் கட்டடந்தானுங்க. இதுக்குப் போயி ஆட்டோ ஏறுனா ஊரே சிரிக்குமுங்க."

"மூட்டை இருக்கே" என்றேன்.

"மூட்டைய வேணா ஏத்துங்க, நீங்க நடந்து வாங்க" என்றவர், கம்பளியை மட்டும் ஏற்றிக்கொண்டு எங்கள் நடைவேகத்திலேயே ஓட்டினார். "இந்த டவுனு வந்து என்ற பொழப்புப் போச்சுங்க. அல்லாம் பக்கத்துலயே வச்சுப்போட்டாங்க. ஆருங்க ஆட்டோல ஏறுவாங்க?" வாடகையும் வாங்கவில்லை. ஒரு டவுன் நடந்து போகத் தக்கதா என்று தெரிய வேண்டுமென்றால் அங்கிருக்கும் ஆட்டோக்காரரைக் கேளுங்கள். அவர் குறைப்பட்டால் நல்ல செய்தி.

ஆனால் முதல் மாலை எங்களுக்கு நன்றாக இல்லை. முருகனுக்கு அந்த வாரம் இரவு ஷிப்ட், வீடு திரும்பக் காலை ஒன்பதாகும் என்று சாவியைக் காவலாளியிடம் கொடுத்திருந்தான். கீழே நடுவில் ஒரு சதுக்கம் கட்டியிருக்கிறார்கள். நீரூற்றில் தண்ணீர் இல்லை. முதல் மாடியில் காய்கறிச் சந்தைக்கென்றே கட்டிய கடைகள் இருக்கின்றன, பாதிக்கு மேல் ஷட்டர் இறங்கிக் கிடந்தன. எட்டு மணிக்குப் பிறகு ஆளே இல்லை. செல்வி மூன்றாவது மாடி ஜன்னலில் நின்று தண்டவாளத்தையும் பனைமரங்களையும் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"யக்கா, வீடு நல்லாத்தான் இருக்கு. ஆனா ஆஸ்பத்திரி மாதிரி கெடக்கு." மூட்டையை அவள் அவிழ்க்கவேயில்லை.

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கு டீ குடிக்க இறங்கினோம். அப்போதுதான் ஊரைக் கண்டுபிடித்தோம்.

ரயில் நிலையத்துக்கும் பேருந்து நிலையத்துக்கும் நடுவே கூரை போட்ட ஒரு நடைபாதை இருக்கிறது. ஆட்கள் கடந்து போவதற்காக மட்டும் கட்டியது. அதன் இரு ஓரமும் காய்கறி! ஒழலப்பதி, வேலந்தாவளம் பக்கத்து விவசாயக் குடும்பங்கள் முதல் பேருந்தில் வந்து சாக்கை விரித்து உட்கார்ந்திருந்தன. ரயிலிலிருந்து இறங்கிய ஷிப்ட்காரர்கள் பேருந்துக்கு ஓடுகிற ஓட்டத்தில் தக்காளி பொறுக்கினார்கள். இரவு ஷிப்ட் முடித்தவர்கள் கொட்டாவி விட்டபடியே கீரை வாங்கினார்கள். மேலே சந்தை சும்மா கிடக்க, இங்கே கால் வைக்க இடமில்லை.

முருங்கையும் கத்தரியும் பரப்பியிருந்த ஓர் அம்மாளிடம் கேட்டேன். பெயர் மயிலாத்தாள். அறுபதைத் தாண்டிய, சொந்த நிலத்தில் விளைவிக்கிற பெண்மணி.

"மேல கடை கொடுத்திருக்காங்களே, அங்கே போகக்கூடாதா?"

"கொடுத்தாங்க, கொடுத்தாங்க. மாடியில கொண்டி வச்சா ஆருங்க வருவாங்க? ரயிலுக்குப் போறவன் படியேறி வந்து கத்திரிக்கா வாங்குவானுங்களா? என்ற முட்டிக்கும் அந்தப் படிக்கும் ஆகாதுங்க. ஒரு நாளும் ஏற மாட்டேன்னு சொல்லிப்போட்டேன்."

"லிப்ட் இருக்கே?"

"அந்தப் பொட்டிக்குள்ளயா? சாமி, நம்மளால ஆகாதுங்க."

டவுனுக்குத் திட்டம் வரைந்தவர்கள் இதை யோசிக்கவில்லை. மயிலாத்தாள் வாழ்நாளெல்லாம் விற்றது ஆட்கள் நடக்கிற வழியில். வழி எங்கேயோ சந்தை அங்கே. நல்லவேளையாக, நடைபாதையில் உட்கார்ந்தவர்களை யாரும் எழுப்பவில்லை. ஒருவர் நடக்கும் அகலத்துக்கு மஞ்சள் கோடு மட்டும் போட்டிருக்கிறார்கள். கோட்டைத் தாண்டிச் சாக்கு வந்தால் அக்கம்பக்கத்துக் கடைக்காரர்களே கத்துகிறார்கள்.

நான் கேள்வி கேட்டுக்கொண்டிருந்த நேரத்தில் செல்வி சாக்கின் ஓரமாக உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவ ஆரம்பித்திருந்தாள். இரண்டு கையும் தனித்தனியாக ஓடின.

"ஏனுங்கம்முணி, எந்தூருங்க நீங்க? இந்தக் கை எங்கீங்க பழகுச்சு?" என்றார் மயிலாத்தாள்.

"தேயிலையில. கொழுந்து எடுத்து எடுத்து, என் கை சும்மா இருந்தா எனக்கே கோவம் வரும்."

"அப்ப நாளைக்கும் வாங்க. பேச்சுத் தொணைக்கு ஆச்சு."

"வாரேன்" என்றாள் செல்வி. எட்டு மணி வரை எழவில்லை. மலை அட்டையின் கதையை இவள் சொல்ல, காட்டுப்பன்றி கடலைக்காட்டை உழுத கதையை அவர் சொல்ல, வாங்க வந்தவர்கள் தாங்களாகவே எடை போட்டுக்கொண்டார்கள்.

சனிக்கிழமை காலை செல்வி எழுந்திருக்கவில்லை. வெக்கையில் இரவெல்லாம் புரண்டுவிட்டு விடியும் நேரத்தில்தான் தூங்கியிருந்தாள். நான் தனியாக இறங்கினேன். மயிலாத்தாள் என் முதுகுக்குப் பின்னால் பார்த்தார்.

"தங்கச்சி எங்கீங்க?"

"வரவில்லை, படுத்திருக்கிறாள்."

"வாரேன்னு சொல்லிப்போட்டு வராம இருப்பாங்களா? மேலுக்குச் சொகமில்லைங்களா?"

டீக்கடைக்காரரும் எட்டிப் பார்த்தார். "அந்தக் கம்பளிக்கார அம்மாவா? நேத்து ரெண்டு டீ குடிச்சாங்களே, என்னாச்சுங்க?" ஆட்டோக்காரர் வேலையைக் காட்டியிருந்தார். கம்பளிக் கதை நடைபாதை முழுக்கப் பரவியிருந்தது.

"ஒன்றுமில்லை, வெறும் தூக்கம்தான்" என்று நான் சொல்லச் சொல்ல மயிலாத்தாள் எழுந்துவிட்டார். "எத்தனாவது மாடிங்க? நா ஒரு எட்டு பாத்துப்போட்டு வாரேன். நீங்க கடையப் பாத்துக்கங்க டீச்சர்." லிப்டைத் திரும்பியும் பார்க்காமல், முட்டியில் கை ஊன்றிப் படியேறிப் போனார்.

அடுத்த கால் மணி நேரம் நான் நடத்திய வியாபாரத்தை விவரிக்க மாட்டேன். கத்தரிக்காயை முருங்கை விலைக்கு விற்றேன் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். வாங்கியவர்கள் நேர்மையானவர்கள், திருத்தினார்கள்.

இருவரும் சேர்ந்தே இறங்கி வந்தார்கள். செல்வி தலைகூடச் சீவவில்லை. என் பக்கத்தில் உட்கார்ந்து, கீரைக் கட்டை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்: "கதவத் தட்டுனாகக்கா."

இந்த டவுன் வெற்றியா என்று கேட்டால் என் மதிப்பீடு இது. சதுக்கம் இன்னும் தேறவில்லை. மாடிச் சந்தை தேறவே தேறாது. மருத்துவர் ஒருவரும் உள்ளே இல்லை, அதை உடனே சரிசெய்ய வேண்டும். இரவு எட்டுக்கு மேல் கலகலப்பை எதிர்பார்க்காதீர்கள். ஆனால் ரயிலையும் பேருந்தையும் அருகருகே வைத்து நடுவில் நிழல் போட்டார்கள் பாருங்கள், அதற்கு முழு மதிப்பெண். மீதியை மயிலாத்தாள்கள் பார்த்துக்கொள்கிறார்கள்.

நீங்கள் பார்க்கப் போவதானால் மாலையில் போய் முடிவெடுக்காதீர்கள். ஓர் இரவு தங்கி, காலை ஆறிலிருந்து எட்டு வரை அந்த நடைபாதையில் நில்லுங்கள். கூட்டிப்போகும் பெரியவரை இரண்டாம் நாள் கொஞ்சம் தாமதமாக இறங்கச் சொல்லுங்கள். யாராவது கேட்கிறார்களா என்று பாருங்கள். மூணாறு பக்கமிருந்து வருபவர்கள் பருத்திச் சேலை போதுமென்று நம்புங்கள்.

ஞாயிறு காலை ரயிலுக்குக் கிளம்பும்போது செல்வியின் கை காலியாக இருந்தது. "ஏட்டி, கம்பளிய விட்டுட்டியே!" என்று நான் திரும்பப் போனேன். அவள் என் முந்தானையைப் பிடித்து நிறுத்தினாள்.

"இருக்கட்டும்க்கா, விரிச்சு வச்சுட்டுத்தான் வந்தேன். ஒவ்வொரு தடவையும் யாரு தூக்கிட்டு வாரது?"