வலம்புரிச் செம்பனை

எங்கள் தோட்டத்தில் சாமி வந்தது ஒரு செம்பனை மரத்தில். கண்டுபிடித்தவர் என் சித்தப்பா. அப்பாவின் தம்பி, கல்யாணம் செய்துகொள்ளாமல் எங்களோடு லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், இருந்தார். நீண்ட கம்பில் கட்டிய அரிவாளால் எண்ணெய்க்கான செம்பனைக் குலை அறுப்பது அவர் வேலை. அப்போது எனக்கு ஒன்பது வயது. ஜெராம் பக்கம் இருந்த அந்தத் தோட்டத்தை விற்றாயிற்று, வீடமைப்பு வரப்போகிறது, லயத்தைக் காலி செய்யுங்கள் என்று கம்பெனி சொல்லியிருந்த சமயம். மாற்று வீடு தருவதாகப் பேச்சு இருந்தது. பேச்சு மட்டும்தான் இருந்தது.

லயத்தின் கோடியில், மண் தள்ளும் இயந்திரம் உள்ளே வரவேண்டிய வழியிலேயே அந்த மரம் நின்றது. வெட்டிய மட்டைகளின் அடிக்கட்டைகள் அதன் உடம்பைச் சுற்றிச் சுற்றி மேலே ஏறுவதைச் சித்தப்பா எல்லாருக்கும் காட்டினார்.

"பாருங்க, வலப்பக்கமா சுத்தி ஏறுது. வலம்புரிச் சங்கு மாதிரி. லட்சத்துல ஒன்னுதான் இப்படி அமையும். பெருமாளே வந்து நிக்கிறாரு லா!"

அதுவரை அந்த மரத்தை நான் சரியாகப் பார்த்ததில்லை. அன்று பார்த்தேன். ஒவ்வொரு கட்டையும் தனக்குக் கீழுள்ளதிலிருந்து சற்றுத் தள்ளி, அளவெடுத்து வைத்ததுபோல் அமர்ந்திருந்தது. இடுக்குகளில் பெரணிச் செடிகள். ஒரு வரிசையை விரலால் பிடித்துக்கொண்டு மரத்தைச் சுற்றினேன். விரல் தானாக மேலே போயிற்று. உடம்பு சிலிர்த்தது. இன்றுவரை எந்தக் கோயிலிலும் எனக்கு அப்படிச் சிலிர்த்ததில்லை.

மஞ்சள் துணி, குங்குமம், வெள்ளிக்கிழமை பொங்கல். யாரோ கைப்பேசியில் படம் பிடித்து அனுப்ப, அசாம் ஜாவாவிலிருந்தெல்லாம் மோட்டார் சைக்கிளில் வந்து லாட்டரிக்கு நாலு நம்பர் கேட்டார்கள். பெருமாள் யாருக்கும் நம்பர் கொடுக்கவில்லை. ஆனால் பெரிய உதவி ஒன்று செய்தார். மண் இயந்திரத்தை ஓட்டிவந்த தமிழர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார், இந்த மரத்தில் கைவைக்க மாட்டேன் என்று திரும்பிப் போய்விட்டார். மாற்று வீடு கிடைக்காமல் நகரமாட்டோம் என்று லயமே ஒரே குரலில் சொன்னது. அப்பாகூடச் சொன்னார். தோட்ட மேனேஜர் துரை முன்னால் அவர் வாய் திறந்ததை அன்றுதான் பார்த்தேன்.

பிறகு தோட்ட ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி வந்தார். நெற்றி நிறையத் திருநீறு பூசிய நம்மவர்தான். கத்தவில்லை, மிரட்டவில்லை. "வாங்க லா, கொஞ்சம் நடப்போம்" என்று எல்லாரையும் தோட்டத்துக்குள் அழைத்துப் போனார். மரம் மரமாகத் தட்டிக் காட்டினார்.

"இது இடம். இது வலம். இதுவும் வலம். பாதி மரம் இப்படித்தான்யா சுத்தும். எல்லாத்துக்கும் பொங்கல் வைக்கப் போறீங்களா?"

யாரோ ஒருவர் சிரித்தார். சிரிப்பு பரவியது. சாமியோடு சேர்த்து வீட்டுக் கோரிக்கையையும் கேலிக்கூத்தாக்கிவிட்டார் அந்த மனிதர். கொஞ்ச நாளில், கம்பெனி கொடுத்த காசை வாங்கிக்கொண்டு ஒவ்வொரு குடும்பமாக லோரி ஏறியது. எங்களுக்கு சுங்கை சோவில் ஒரு கடை மாடி வாடகைக்குக் கிடைத்தது. அம்மா சித்தப்பாவுக்குச் சோறு போட்டாள். முகம் கொடுத்துப் பேசவில்லை.

கிளம்பும் நாள் காலையில் சித்தப்பா அந்த மரத்தடியில் கைகூப்பி நின்றார். மஞ்சள் துணியை யாரோ உருவிப் போட்டிருந்தார்கள்.

"நிறைய மரம் இப்படித்தானாமே சித்தப்பா. இன்னும் ஏன் கும்பிடுறீங்க?"

"அதுக்காகத்தான்மா கும்பிடுறேன். வேலைக்கு வந்த நாள்லேர்ந்து பாக்குறேன். வலமோ இடமோ, ஒரு மரமாச்சும் சுத்துற கணக்கு தப்பியிருக்கா?"

"அப்ப லட்சத்துல ஒன்னுன்னு சொன்னது?"

"எல்லா மரத்துலயும் இருக்காருன்னு சொன்னா எவன் வந்து நிப்பான்?"

சித்தப்பா பொய் சொல்லியிருக்கிறார் என்பது மட்டும்தான் அன்று எனக்குப் புரிந்தது. எங்களுக்கு ஒரு கூரை வேண்டுமென்று அவர் தன் சாமியையே பணயம் வைத்துத் தோற்றிருந்தார். அதற்கப்புறம் அவர் எதையும் கும்பிட்டு நான் பார்க்கவில்லை. கடை மாடியைச் சுற்றி மரமே இல்லை, அதனால்தான் என்று நினைத்துக்கொண்டேன்.