நான் போட்ட நான்கு அரவு

ஒரு பெண்ணின் கலியாணத்தை நான் குலைத்தேன். கோள் மூட்டவில்லை, மொட்டைக் கடிதம் போடவில்லை. சிவப்பு மையைத் தொட்டு நான்கு இடங்களில் அரவு போட்டேன்... அவ்வளவுதான்!

'வ'வை 'வா' ஆக்குகிற அந்த ஒற்றைக் காலைத்தான் எங்கள் பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் அரவு என்போம். அரவு என்றால் பாம்பு என்றும் பொருள் உண்டு. அதுவும் எனக்குத் தெரியும். எனக்குத் தெரியாதது என்ன இருந்தது அந்த வயதில்!

உங்களிடம் ஏன் சொல்கிறேன்? நீங்களும் என்னைப் போன்றவராக இருக்கலாம் என்ற சந்தேகத்தில்தான். கலியாணப் பத்திரிகை கைக்கு வந்தால், பெண் யார், மாப்பிள்ளை யார் என்று பார்ப்பதற்கு முன் 'திருமணப் பத்திரிகை'யில் 'ப்' விழுந்திருக்கிறதா என்று பார்க்கிறவரா நீங்கள்? 'அன்புல்ல' என்று தொடங்கும் கடிதத்தை அதற்கு மேல் வாசிக்க முடியாமல் பல்லைக் கடிக்கிறவரா? அப்படியானால் கேளுங்கள். கேட்டுவிட்டு என்னை என்னவும் சொல்லுங்கள்.

யுத்தம் தொடங்குவதற்கு முந்திய வருஷங்கள். எங்கள் கிழக்குக் கரைப் பட்டணம் புளியந்தீவில் ஒரு சின்ன அச்சகத்தில் எனக்குப் பிழை பார்க்கிற வேலை. வயது இருபத்தாறு. ஆகா, என்ன வேலை அது! காலையில் ஈர மை மணக்கிற தாளை முன்னால் விரித்து, ஒரு 'ள'கரம் 'ல'கரத்தின் நாற்காலியில் ஏறி உட்கார்ந்திருப்பதைக் கண்டுபிடிக்கிற அந்தக் கணம்... நெஞ்சு படபடக்கும்! கறிச்சோற்றை விட எனக்கு அது ருசித்தது.

அச்சகத்துக்குள் மட்டும் பார்த்திருந்தால் பரவாயில்லை. நான் தெருவையும் விடவில்லை. ஒரு சாப்பாட்டுக் கடைப் பலகையில் 'ஆட்டுக் கரி' என்று எழுதியிருந்தது. உள்ளே போய், 'ஆட்டை அடுப்பில் போட்டு மறந்துவிட்டீர்களா?' என்று கேட்டேன். காத்தான்குடியிலிருந்து வந்து கடை வைத்திருந்த ஒரு வியாபாரி, புளிச் சாக்கில் 'பழப்புலி' என்று எழுதிக் குத்தியிருந்தார். சனம் பார்க்க நின்று, அண்ணன் முறை வைத்து, 'காக்கா, உங்கட புலி கடிக்குமா?' என்றேன்.

அவர் கோபிக்கவில்லை. "கடிக்கிற புலிய நீங்க நாக்குல வச்சிருக்கீங்க தம்பி. நான் விக்கிறது ஆணத்துக்குப் போடுற சாமான்" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவர்கள் என்னோடு சேர்ந்து சிரிப்பதாக நான் நினைத்துக்கொண்டேன்.

இன்னொன்று சொல்ல வெட்கமாக இருக்கிறது... சொல்லத்தான் வேண்டும். மரண அறிவித்தல் அடிக்க ஒருவர் வந்தார். தகப்பன் போய் ஒரு நாள் ஆகவில்லை, கண் சிவந்திருந்தது. தாளில் 'என் தந்தையார் நேற்று இரந்தார்' என்று எழுதிக்கொண்டு வந்திருந்தார். 'உங்கள் தகப்பனார் பிச்சையா எடுத்தார்?' என்று கேட்டேன்! ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்வதற்கு முன்னால், வாசலில் வைத்தே கேட்டேன்!

இப்படிப்பட்டவனிடம்தான் வேலாப்போடியார் அந்தக் கடுதாசியைக் கொண்டுவந்து கொடுத்தார்.

வேலாப்போடியார் படுவான்கரை ஆள். வாவிக்கு மேற்கே, வயல்காரர். அவருக்கு ஒரே மகள், பூரணம். அவளுக்கென்று வீடு கட்டி முடிந்திருந்தது. எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்த மாப்பிள்ளை பெண்ணின் வீட்டுக்கு வந்துதான் குடியிருக்க வேண்டும். அந்த வீட்டுக்கு வரவேண்டியவன் போடியாரின் அக்காள் மகன் சிவலிங்கம். திருகோணமலைத் துறைமுகத்தில் வேலைக்குப் போய் இரண்டு வருஷம். வருகிறான், வருகிறான் என்று ஊர் பார்த்துக்கொண்டிருந்தது. வரமாட்டான் என்று சொல்லவும் நாலு பேர் இருந்தார்கள்.

"ஐயா, அச்செழுத்தெண்டா எழுத்துக்கூட்டி வாசிப்பன். இவன்ட கிறுக்கல் எனக்கு வாசிக்க ஒண்ணா. அச்சுப் போல எழுதித் தாங்க. சொந்தக்காரரக் கூப்பிட்டு எல்லாருக்கும் முன்னால நானே வாசிக்கோணும். சந்தைக்குப் போயிற்று வாறன்" என்றார்.

சிவலிங்கத்தின் கடுதாசி இவ்வளவுதான். எனக்கு எழுத்துக்கு எழுத்து மனப்பாடம்!

'மாமா அறிய வேண்டியது நான் சுகம் தம்பியும் இங்க வந்து சேந்திட்டான் அவனும் என்னோட வேலை செய்யிறான் மார்கழி பிறக்க முன்னம் வருவன் வந்து கலியாணத்த முடிப்பன் பூரணத்தக் கண்கலங்க விடமாட்டன் உங்கட வீட்டுல மகனா இருப்பன்.'

ஒரு நிறுத்தற்குறி இல்லை! கால்புள்ளி இல்லை, முற்றுப்புள்ளி கடைசியில் மட்டும் ஒன்று, அதுவும் பென்சில் முனை உடைந்து விழுந்த புள்ளி போல. எனக்கு உடம்பெல்லாம் ஒரு உற்சாகம் ஏறியது. மேசைக்கு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். 'சேந்திட்டான்' என்பதைச் 'சேர்ந்துவிட்டான்' ஆக்கினேன். 'உங்கட' என்பதை 'உங்களுடைய' ஆக்கினேன். முற்றுப்புள்ளிகளை அள்ளித் தெளித்தேன். பிறகு 'வருவன்' என்ற சொல்லுக்கு வந்தேன்.

வருவன்... அது என்ன சொல்? 'வருவேன்' என்றால் நான். 'வருவான்' என்றால் அவன். இது இரண்டுங்கெட்டானாக அல்லவா நிற்கிறது! எந்தப் பக்கம் திருத்துவது? முந்திய வாக்கியத்தில் தம்பி இருந்தான். சேர்ந்துவிட்டான், செய்கிறான் என்று 'ஆன்', 'ஆன்' என்ற ஓசை காதில் ஓடிக்கொண்டிருந்தது. கை தானாகப் போனது. வருவான். முடிப்பான். விடமாட்டான். இருப்பான். நான்கு அரவு!

இப்போது நீங்கள் வாசித்துப் பாருங்கள். யார் வருவான்? யார் கலியாணத்தை முடிப்பான்? தம்பி! மூத்தவனுக்கென்று பேசி வைத்த பெண்ணை முடிக்கத் தம்பி வருகிறான்!

பொருளைப் பார்த்தேனா என்று கேட்பீர்கள். அதுதான் கேவலம்... பார்க்கவேயில்லை. வீடு முழுக்கத் தூசி தட்டிவிட்டு அந்த வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேளாமல் போகிறவன் போல வேலையை முடித்தேன். சிவப்பு மை போட்ட அந்த மூலத் தாளைப் பார்த்துப் பார்த்து அழகான கையெழுத்தில் ஒரு படி எடுத்தேன். போடியார் திரும்பி வந்ததும் படியை மட்டும் கொடுத்து, "இத நான் வச்சிருக்கட்டா?" என்று மூலத்தைக் கேட்டு வாங்கினேன். பிழை மலிந்த தாள்களைச் சேர்த்து வைப்பது என் பொழுதுபோக்கு. எழுத்துக் கோக்கிறவர்களைக் கூப்பிட்டு அதை வாசித்துக் காட்டினேன். எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். பிறகு அது மேசை லாச்சிக்குள் போய்விட்டது.

மூன்று கிழமைக்குப் பிறகு போடியார் மறுபடி வந்தார். கூடவே பூரணமும் வந்தாள். கலியாணப் பத்திரிகை அடிக்க வேண்டுமாம். எட்டு நாளில் கலியாணமாம். தாளை வாங்கிப் பார்த்தேன். பெண்ணின் பெயர் பூரணம். மாப்பிள்ளை வேறு யாரோ ஒருவர், களுவாஞ்சிக்குடிப் பக்கத்து ஆள், பெண்சாதியை இழந்தவர்.

"சிவலிங்கம் எங்கே?" என்று கேட்டேன்.

"அவன்ட பேரச் சொல்லாதீங்க ஐயா!" என்றார் போடியார். "மூத்தவன் தான் தப்பிக்கிறதுக்கு இளையவனத் தள்ளிவிடுறான். என்ட புள்ள என்ன, கைமாத்திக் குடுக்கிற மாடா? அத்தன சனத்துக்கு முன்னால வாசிச்சுப்போட்டு நாக்குப் புடுங்கினாப்போல நிண்டன். மறுகா அவனுக்கு ஒரு பதிலும் போடல்ல." மகளைப் பார்த்து, "இஞ்ச இரு மகள், காகிதத்தப் பாத்திட்டு வாறன்" என்று சொல்லிவிட்டு முதலாளியின் அறைக்குள் போனார்.

வாறன்!

வாசிப்பன், நிண்டன், வாறன்... அந்த மனிதர் வாய்க்கு வாய் தன்னைத்தானே சொல்லிக்கொண்டிருந்தார். நானும் வீட்டில் அம்மாவிடம் காலையில் 'போயிற்று வாறன்' என்றுதான் சொல்லிவிட்டு வந்திருந்தேன்! வருவன் என்றால் நான் வருவேன். எங்கள் பக்கத்தில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் அது தெரியும். பேனா எடுத்த எனக்கு மட்டும் தெரியாமல் போயிற்று!

லாச்சியை இழுத்தேன். தாள் மேலேயே கிடந்தது. வாய்க்குள் வாசித்தேன். வருவன்... முடிப்பன்... கண்கலங்க விடமாட்டன்... இருப்பன். அவன் குரல் கேட்டது. ஐயோ, எவ்வளவு தெளிவாகக் கேட்டது!

அப்போது பூரணம் மேசைக்குக் கிட்ட வந்தாள். தலை நிமிரவில்லை.

"ஐயா, ஒண்டு கேக்கட்டா? அவர் அப்பிடித்தானா எழுதியிருந்தவர்? தம்பி வருவான் எண்டா?"

எட்டு நாள் இருந்தது! ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். 'இல்லை, பிழை என்னுடையது' என்று சொல்ல எவ்வளவு நேரம் பிடிக்கும்? ஆனால் எனக்குப் பின்னால் எழுத்துக் கோக்கிறவர்கள் கையை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். இந்தக் கதை மத்தியானத்துக்குள் பழப்புளிக் கடைக்குப் போகும். பிழை பிடிக்கிறவனே பிழை விட்டானாம் என்று தெருத் தெருவாகச் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பு என் காதில் முன்கூட்டியே கேட்டது. ஒரு பெண்ணின் ஆயுசை அந்தச் சிரிப்போடு வைத்து நிறுத்துப் பார்த்தேன்... சிரிப்புத்தான் எனக்குக் கனமாக இருந்தது!

"ஓம்" என்றேன்.

அதில் எழுத்துப் பிழை இல்லை.

"அப்ப சரி ஐயா" என்றாள். வாசலுக்குப் போய், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தகப்பன் வரும்வரை அங்கேயே நின்றாள். நான் அவள் கலியாணப் பத்திரிகையைத் திருத்தினேன். இரண்டு இடத்தில் ஒற்று விடுபட்டிருந்தது. இரண்டையும் போட்டேன்.

கலியாணம் நடந்தது.

கார்த்திகை முடிகிற நாட்களில், மழை விட்ட ஒரு காலையில் சிவலிங்கம் அச்சகத்துக்கு வந்தான். நெடிய ஆள். கக்கத்தில் ஒரு பொதி. கூறைச்சேலை என்று பிறகுதான் விளங்கியது. போடியாருக்கு நான் எழுதிக் கொடுத்த படியை எனக்கு முன்னால் விரித்தான்.

"இது உங்கட எழுத்தாம். நான் இப்பிடி எழுதல்லியே ஐயா."

அவன் அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவன் அடிக்கவில்லை, சத்தம் போடவுமில்லை. மூலத்தைத் தரும்படி கேட்டான். எடுத்துக் கொடுத்தேன். சிவப்பு மையைத் தடவிப் பார்த்தான். "இந்த அரவெல்லாம் நான் போடல்ல" என்றான்.

இங்கே கேளுங்கள். இதுதான் என் உண்மையான குற்றம். முதலாவது அவசரம், இரண்டாவது கோழைத்தனம் என்று நீங்கள் மன்னித்துவிடக்கூடும். இதற்கு என்ன பெயர் வைப்பீர்கள்?

"நீ போட மறந்ததைத்தான் நான் போட்டேன்" என்றேன். "'வருவேன்' என்றல்லவா நீ எழுதியிருக்க வேண்டும்? வருவன் என்று எழுதினால் யார் வருவது என்று படித்தவனுக்கு எப்படித் தெரியும்? அதற்கு முன்னால் 'நான்' என்று ஒரு சொல் போட்டாயா? ஒரு முற்றுப்புள்ளி வைத்தாயா? பிழை உன்னுடையது, தம்பி!"

இலக்கணம் சொன்னேன்! தன்மை, படர்க்கை, விகுதி எல்லாம் சொன்னேன்! என் குரல் ஏறிக்கொண்டே போனது. சொல்லச் சொல்ல எனக்கே அது உண்மை போலப்பட்டது.

அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் குழம்பினான். பிறகு மெல்ல மெல்ல என்னை நம்பினான். என் கண்ணுக்கு முன்னால் நம்பினான்!

"என்ட பிழதான் ஐயா" என்றான். "ரெண்டாம் வகுப்போட நிண்டவன். மாமாவக் குற்றம் சொல்ல ஒண்ணா. பூரணத்தையும் சொல்ல ஒண்ணா. நான் ஒழுங்கா எழுதியிருந்தா..." பொதியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

அதற்கு அடுத்த வருஷம், வேறு எதையோ தேடப் பழைய இலக்கண நூல் ஒன்றைப் புரட்டினேன். தன்மை ஒருமைக்கு உரிய விகுதிகளை வரிசையாகச் சொல்லிக்கொண்டு போகிறது. என், ஏன்... அவற்றோடு கூட 'அன்' என்பதும் இருந்தது! வருவன் என்றால் நான் வருவேன்! புலவர்கள் ஒப்புக்கொண்ட சொல்! ரெண்டாம் வகுப்போடு நின்றவன் சுத்தமான தமிழ் எழுதியிருந்தான். அந்த நூலை நான் பத்து வருஷத்துக்கு முன்னமே படித்து, பரீட்சையில் முதல் தரத்தில் தேறியிருந்தேன்.

போய்ச் சொல்லியிருக்கலாமே என்கிறீர்களா? யாரிடம்? பூரணத்துக்கு அப்போது கைக்குழந்தை. அவளிடம் சொன்னால் அவள் வீட்டில் என்ன நடக்கும்? அவனிடம் சொன்னால் அவன் என்ன செய்வான்? இப்படியெல்லாம் காரணம் சொல்லிக்கொள்கிறேன். எல்லாம் நல்ல காரணங்கள். உண்மையான காரணம் எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும்.

சிவலிங்கம் திருகோணமலையிலேயே தங்கிவிட்டான். கலியாணம் முடிக்கவில்லை. துறைமுகத்தில் ஒரு கிளாக்கரிடம் எழுதப் பழகுகிறானாம். அது எனக்கு எப்படித் தெரியும்? அவனே எழுதுகிறான்! வருஷத்துக்கு இரண்டு கடிதம் எனக்கு வருகிறது. 'ஐயா, இதில் பிழைகளைத் திருத்தி அனுப்பவும்' என்று கேட்டு எழுதுகிறான். நானும் திருத்தி அனுப்புகிறேன்! ஆரம்பத்தில் பத்துப் பிழை இருந்தது. பிறகு ஐந்து, மூன்று... அவனுடைய 'வாறன்' ஒவ்வொரு கடிதத்திலும் ஒழுங்காக 'வருகிறேன்' ஆகிக்கொண்டு வந்தது.

போன கிழமை வந்த கடிதத்தை ஒன்றுக்கு மூன்று தரம் பார்த்தேன். ஒற்று, கால்புள்ளி, ரகரம், றகரம் எல்லாம் அந்தந்த இடத்தில் இருந்தன. 'நான் சுகமாக இருக்கிறேன். நான் இந்த வருஷமும் ஊருக்கு வரமாட்டேன்' என்று எழுதியிருந்தான். 'நான்' என்ற சொல்லை ஒரு வாக்கியத்திலும் விடவில்லை. கையெழுத்துக்கு மேலே கடைசி வரியாக, 'பிழை இருந்தால் மன்னிக்கவும்' என்று இருந்தது.

நேற்றுப் பதில் போட்டேன். 'பிழை ஒன்றும் இல்லை' என்று எழுதினேன். அதற்குக் கீழே எழுத எவ்வளவோ இடம் இருந்தது. ஒன்றும் எழுதவில்லை.