ஓடிப்போனவர் ஊதிய விசில்

இதனால் சகலருக்கும் அறிவிப்பது: பெசன்ட் நகர் கடற்கரையில் மாலை நேர வாலிபாலுக்கு இனி நடுவர் கிடையாது. பந்து கோட்டுக்கு உள்ளே விழுந்ததா, வெளியே விழுந்ததா என்பதை இனி அவரவர் மனசாட்சி முடிவு செய்யும். அதாவது, யாருக்குக் குரல் பெரிதோ அவர் முடிவு செய்வார். நேற்றுக் காலை எங்கள் வாட்ஸப் குழுவில் வந்த சாவுச் செய்தி இரண்டே சொல்: "நைனா பூட்டாரு."

எங்கள் நடுவரான ஊரூர் குப்பத்து ஏகாம்பரத்தை நாங்கள் எல்லோரும் நைனா என்றுதான் கூப்பிட்டோம். ஒரு காலத்தில் ராணுவச் சிப்பாய். லீவில் வந்திருந்தபோது அவருடைய அப்பா கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. படகு படகாக ஏறித் தேடியதில் லீவு எப்போதோ முடிந்துவிட்டது. கருமாதி முடித்து, யாரும் பிடிக்காமல், தானே ரயிலேறி முகாமில் போய் நின்றார். ராணுவ நீதிமன்றம் அவரை ஓடிப்போனவன் என்றது. சிறை, பிறகு வேலை நீக்கம்.

அதே படைப்பிரிவில், அதே வருஷம், ஓர் இளம் அதிகாரியும் லீவு முடிந்து திரும்பவில்லை. ஊட்டியில் தேன்நிலவு; குளிர் பிடித்துப்போயிற்றாம். அவருக்குக் கிடைத்தது ஒரு கண்டிப்பு. அநேகமாக டீயோடு கொடுத்திருப்பார்கள். ராணுவ நீதியும் ஜாதகம் பார்க்கும் போலிருக்கிறது: தோளில் நட்சத்திரம் இருந்தால் தோஷம் ஒட்டாது. அந்த மகானுபாவர்தான் எங்கள் அடுக்ககத்துக் கர்னல். ஊட்டிக் கதையைப் புத்தாண்டு விருந்தில் ஜோக்காகச் சொல்வார். கொடியேற்றும் நாளில் ஒழுக்கத்தைப் பற்றி மைக் சூடாகும்வரை பேசுவார். மிட்டாய்க்காகப் பொறுத்துக்கொள்வோம்.

நைனாவின் சட்டம் வேறு. பாதி ஆட்டத்தில் கழன்றுகொண்டவனிடம் முதலில் காரணம் கேட்பார். பிறகு, "தானா வந்தியா, இட்டாந்தாங்களா?" தானாக வந்தவன் ஒரு செட் உட்கார வேண்டும், இழுத்து வரப்பட்டவனுக்கு அன்றைக்கு ஆட்டமே இல்லை. குப்பத்துப் பையனுக்கும் கார் வீட்டுப் பையனுக்கும் ஒரே அளவு.

போன கோடையில் கர்னலின் பேரன் ஐஸ்கிரீம் வண்டிக்குப் பின்னால் போய்விட்டுத் தானாக வந்தான். ஒரு செட் உட்கார்ந்தான். மாடியிலிருந்து பார்த்த கர்னல் மணலுக்கே இறங்கி வந்து, ஓடிப்போன ஆளெல்லாம் என் பேரனுக்கு ஒழுக்கம் சொல்வதா என்று கத்தினார்.

நைனா விசிலை வாயிலிருந்து எடுத்தார். "நான் ஜெயிலுக்குப் போனது தப்புன்னு சொல்லல சார். நீங்களும் போயிருக்கணும். இல்லாங்காட்டி ரெண்டு பேரையும் திட்டி அனுப்பியிருக்கணும். நாம செஞ்சது ஒண்ணுதான்னு ஒரு தபா சொல்லுங்க, போதும்."

கர்னல் பேரனின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஆட்டத்தின் நடுவிலேயே போய்விட்டார். பழக்கம்.

அதன்பிறகு என்னைப் பார்க்கும்போதெல்லாம் நைனா கேட்பார்: "கர்னலு இன்னாடா சொன்னாரு?" நான் உதட்டைப் பிதுக்குவேன். அவர் விசிலைத் துடைத்துக்கொண்டு ஆட்டத்தைத் தொடங்குவார்.

சாவு வீட்டில், அத்தனை பேர் முன்னால், கர்னலின் வாயிலிருந்து அந்த வரியைப் பிடுங்கப்போவதாக நேற்றுக் குழுவில் அறிவித்தேன். "மச்சி, இன்னிக்குக் கர்னலுக்கு நான்தான் கோர்ட்டு." நெருப்பு எமோஜிகள் குவிந்தன.

கர்னல் வந்தார், கழுத்துப் பொத்தான்வரை இஸ்திரி. மாலையைப் போட்டுவிட்டு ஷாமியானாவுக்குக் கீழே நின்றார். பையன்கள் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

நைனாவிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அவருடைய அந்த ஒரே கோரிக்கையைத்தான். இன்னும் கேட்கப்படாமல் புத்தம்புதிதாக என்னிடமே இருக்கிறது. ஏனென்றால், அங்கே பெரியவர்கள் யாரும் அசைவதற்கு முன்பே ஓடிப்போய் அவருக்கு நாற்காலி போட்டவன் நான்தான். என் சட்டையால் துடைத்துப் போட்டேன்.